போட்ட ரோட்டை ஏன் உடனே வெட்டுகிறார்கள்?

கேள்வி, ஜூன் 9

எங்கள் தெருவுக்குப் பல வருடம் மனு கொடுத்து, நடையாய் நடந்து, சித்திரையில்தான் தார் ரோடு வந்தது. இப்போது பாதாளச் சாக்கடை இணைப்பு என்று வீட்டுக்கு வீடு குறுக்கே வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே கிடையாது. எல்லாவற்றையும் ஒரே அதிகாரியின் கீழ் கொண்டுவந்தால் இது நின்றுவிடும் என்பது என் கருத்து. இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது மறுக்க முடியுமா?

ஜூன் 9, இரவு

நான் மறுக்கிறேன். மாநகராட்சி, நகராட்சி வேலைகளில் திட்ட மேலாண்மை பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஒருங்கிணைப்புக் கூட்டம் எல்லா ஊரிலும் நடக்கிறது. குடிநீர், மின்வாரியம், நெடுஞ்சாலை, டெலிபோன், டிராஃபிக் போலீஸ் எல்லாரும் வருகிறார்கள், பேசுகிறார்கள், மினிட்ஸ் எழுதிக் கையெழுத்தும் போடுகிறார்கள்.

நீங்கள் சொல்லும் ஒரே அதிகாரி ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. சென்னையில்தான் தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் 1978 முதல் தனி வாரியம். மற்ற பெரும்பாலான ஊர்களில் உள்தெரு ரோடு, குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை மூன்றுமே மாநகராட்சிப் பொறியாளரின் பொறுப்பு. அந்த ஊர்களிலும் போட்ட ரோட்டை வெட்டுகிறார்கள்.

ஜூன் 10

காரணம் என்ன என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் முதல் காரணம், பணம் வரும் வரிசை. ரோட்டுக்கு ஒரு திட்டத்தில் பணம், பைப்புக்கு இன்னொரு திட்டத்தில் பணம். ரோட்டுப் பணம் மார்ச் 31-க்குள் செலவாகாவிட்டால் திரும்பிப் போய்விடும். பைப் வேலைக்கு அப்போதுதான் டெண்டர் மதிப்பீட்டில் இருக்கும். எந்த ஆணையர் வந்த பணத்தைத் திருப்பி அனுப்புவார்? கவுன்சிலரும் சும்மா இருக்க மாட்டார், தெருக்காரர்களும் இருக்க மாட்டீர்கள். ரோட்டைப் போட்டுவிடுகிறார்கள்.

சென்னை மழைநீர் வடிகாலையே பாருங்கள். அடையாறு, கூவம் வடிநிலத்துக்கு உலக வங்கிக் கடன், கொசஸ்தலையாற்று வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன், கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மன் வளர்ச்சி வங்கிக் கடன். ஊர் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான். கடன் ஒப்பந்தம் மட்டும் வேறு வேறு, கெடுவும் வேறு வேறு. ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசினாலும் அவரவர் கெடு அவரவர் கழுத்தில்தான்.

ஜூன் 10, பிற்பகல்

பணம் மட்டுமே காரணம் என்று விட்டுவிடக் கூடாது. உங்கள் தெருவில் வெட்டுவது வீட்டு இணைப்புக்காக. நான் அதிகம் சண்டை போட்ட இடம் அதுதான்.

பாதாளச் சாக்கடையில் மெயின் பைப் தெருவின் நடுவிலோ ஓரத்திலோ போகும். சுமார் 30 மீட்டருக்கு ஒரு மேன்ஹோல். அங்கிருந்து ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் கிளை பைப் வந்து, ஒரு சிறு தொட்டியில் முடிய வேண்டும். வீட்டுக்காரர் கழிவறை பைப்பை அந்தத் தொட்டியில் சேர்த்துக்கொள்வார். வாசல்வரை கிளை பைப்பையும் மெயினோடு சேர்த்தே போட்டுவிட்டால் பிறகு ரோட்டைத் தொடவே தேவையில்லை. நடப்பது வேறு. எஸ்டிமேட்டில் மெயின் பைப் முழுசாக இருக்கும். வீட்டு இணைப்பு பாதிதான் இருக்கும், அல்லது அடுத்த கட்டம் என்று தள்ளப்பட்டிருக்கும். டெபாசிட் கட்டியவர்களுக்கு மட்டும்தான் இணைப்பு என்று சில ஊர்களில் வைத்திருப்பார்கள். செப்டிக் டேங்க் நன்றாகத்தானே இருக்கிறது என்று பாதிப்பேர் கட்ட மாட்டார்கள். ரோடு வந்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் இணைத்துவிட்டார் என்றதும் ஓடிவந்து கட்டுவார்கள். அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வெட்டு.

இதற்கு மாற்றாகச் சென்னையின் ஆலந்தூர் பகுதி இருக்கிறது. 1990-களின் கடைசியில் நகராட்சியாக இருந்தபோது, ஆர்.எஸ். பாரதி தலைவராக இருந்த காலத்தில், வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட்டை முன்கூட்டியே மக்களிடம் வாங்கி அந்தத் திட்டத்துக்கான நிதியில் ஒரு பங்கைத் திரட்டினார்கள். அதை நிதி திரட்டிய கதையாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, எந்த வீடு சேரும் என்ற பட்டியல் குழி தோண்டும் முன்பே கையில் இருந்திருக்கும் என்பதுதான். பட்டியல் இருந்தால் கிளை பைப்பை எங்கே நிறுத்துவது என்று சைட்டில் இருப்பவருக்குக் குழப்பமில்லை.

ஜூன் 12

"பைப் போட்டுவிட்டு ஏன் மாதக்கணக்கில் தெருவை அப்படியே போட்டுவைக்கிறார்கள்?" என்று திருச்சி நண்பர் கேட்கிறார்.

பில்லைப் பாருங்கள், விடை அதில் இருக்கிறது. கான்ட்ராக்டருக்குக் காசு வருவது தோண்டுவதிலும் பைப் இறக்குவதிலும். குழியை மூடி, இடித்து, ஜல்லி பரப்பி, ரோட்டைப் பழையபடி ஆக்குவதற்கான ரேட் சொற்பம். எம்-புக்கில், அதாவது முடித்த வேலையை அளந்து எழுதும் பதிவேட்டில், பைப்பின் நீளமும் ஆழமும் ஏறியதும் பார்ட் பில் போய்விடும். அவர் ஆட்களையும் பொக்லைனையும் அடுத்த தெருவுக்கு நகர்த்திவிடுவார். அவர்மேல் மட்டும் பழி போட மாட்டேன். பில் பாஸாக மாதங்கள் ஆகும் ஊரில், காசு வரும் வேலையை முதலில் செய்யாவிட்டால் வாரச் சம்பளம் எப்படிக் கொடுப்பார்?

ஒப்பந்தத்தைப் போடும்போதே பில்லை உடைத்து வைக்க வேண்டும். பைப் இறக்கினால் ஒரு பங்கு, சோதனை பாஸானால் ஒரு பங்கு, வீட்டுத் தொட்டி வரை முடித்து ரோட்டைச் சரிசெய்தால் மீதி. அதுவும் நகரம் முழுக்கச் சேர்த்து அல்ல, ஒரு மேன்ஹோலிலிருந்து அடுத்த மேன்ஹோல் வரை. இப்படிப் போட்ட வேலையில் தெருக்கள் சீக்கிரம் மூடியதை நான் பார்த்திருக்கிறேன். மீதிப் பங்கு ரொம்பச் சின்னதாக இருந்தால் பலிக்காது. அதை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

ஜூன் 12, இரவு

சோதனை என்றேனே, அது என்ன என்று கேட்கிறார்கள். எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கழிவுநீர் பைப் தண்ணீர்க் குழாய் மாதிரி அழுத்தத்தில் ஓடுவதில்லை. சரிவில்தான் ஓடும். வேகம் நொடிக்கு 0.6 மீட்டராவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்ணும் கசடும் அடியில் படியும். அதற்கேற்ற சரிவு வேண்டும். உதாரணத்துக்கு 250-க்கு 1 என்ற சரிவு என்றால் 30 மீட்டருக்கு 12 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். அரை கிலோமீட்டர் தெருவில் 2 மீட்டர் இறங்கிவிடும். தெருவின் தலையில் இடுப்பளவு குழி, கடைசியில் இரண்டாள் ஆழம். சமதரை ஊர்களில் ஆழம் ஏறிக்கொண்டே போய், ஓரிடத்தில் பம்ப் வைத்து மேலே தூக்கித்தான் ஆக வேண்டும்.

பைப் இறக்கியதும் ஒரு மேன்ஹோலில் விளக்கைப் பிடிப்பார்கள், அடுத்த மேன்ஹோலில் கண்ணாடியைச் சாய்த்துப் பார்ப்போம். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்தால் பைப் நேர். அரை வட்டமோ பிறையோ தெரிந்தால் நடுவில் எங்கோ தொய்வு. தொய்ந்த இடத்தில் தண்ணீர் நிற்கும், கசடு சேரும், வருடத்துக்கு நாலு தடவை அடைக்கும். கண்ணாடியைத் தாங்கள் பிடிக்காமல், தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்ன ஒரு ஏஇ (உதவிப் பொறியாளர்) எனக்குத் தெரியும். பிள்ளைகள் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள், கான்ட்ராக்டர் ஆளும் எதுவும் பேச முடியாது.

ஒருமுறை வழியில் பாறை வந்தது. லெவலைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாமா என்று மேலதிகாரி ஒருவர் போனில் கேட்டார். பக்கத்தில் நின்ற மேஸ்திரி, "சார், தண்ணிக்கு ஆபீசர் யாருன்னு தெரியாது, பள்ளம்தான் தெரியும்" என்றார். பாறையை உடைத்தோம்.

ஜூன் 15

மின்வாரியத்தில் இருந்தவர் ஒருவர், நான் பணத்தைப் பற்றியே பேசுகிறேன், மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்பதைச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறார். நியாயமான பேச்சு.

பழைய ஊர்களில் தெருவுக்கு அடியில் என்ன ஓடுகிறது என்பதற்கு நம்பத் தகுந்த வரைபடம் கிடைப்பது அபூர்வம். இருக்கும் வரைபடமும் போட நினைத்ததைக் காட்டும், போட்டதைக் காட்டாது. ஒரு தெருவில் சோதனைக் குழி எடுத்தோம். குறுக்கே ஒரு மீட்டர் அகலம்தான். மேலே டெலிபோன் கேபிள்கள் இரண்டு, ஒன்று செத்தது. அதற்குக் கீழே செங்கல் மூடி போட்ட ஈபி கேபிள். ஓரத்தில் துருவேறிய பழைய இரும்புக் குடிநீர் மெயின், அதன்மேல் உரசிக்கொண்டு கறுப்புப் பிளாஸ்டிக்கில் வீட்டு இணைப்புகள் கொத்தாக. அந்த வீட்டு இணைப்புகள் சாக்கடைக் கால்வாய்க்குள்ளேயே போய் வெளியே வந்தன. அதைப் பார்த்ததும் அந்தத் தெருவில் அடிக்கடி வயிற்றுப்போக்கு வருவதன் காரணம் புரிந்தது. நகரசபைக்கு எழுதி, குடிநீர் இணைப்புகளை மாற்றும் வேலையையும் சேர்க்கச் சொன்னோம். சேர்த்தார்கள், ஆனால் அதற்கு ஒரு தனி எஸ்டிமேட், தனி அனுமதி. அதுவரை தெரு திறந்தே கிடந்தது.

குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கவாட்டில் 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது கையேட்டு வழக்கம். நம் தெருக்களில் பாதி, தெருவே அவ்வளவுதான் அகலம். அங்கே குடிநீர் மேலே, கழிவுநீர் கீழே என்று உயரத்திலாவது பிரிக்க வேண்டும்.

எஸ்டிமேட் போடும் முன்பு சோதனைக் குழிகளுக்கு ஒரு தொகை ஒதுக்குங்கள் என்று கேட்டால், தோண்டிப் பார்ப்பதற்கு எதற்குக் காசு என்பார்கள். வேலை ஆரம்பித்த பிறகு தெரியவரும் ஒவ்வொரு பைப்புக்கும் அதைவிட அதிகமாகச் செலவாகிறது.

ஜூன் 16

"எல்-1 முறைதான் எல்லாவற்றுக்கும் காரணம், குறைந்த விலைக்காரனுக்கே கொடுத்தால் தரம் எங்கிருந்து வரும்?"

பாதி ஒப்புக்கொள்கிறேன். 1998-இன் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வருவதற்கு முந்தைய கதைகளை மூத்தவர்களிடம் கேட்டிருக்கிறேன். அந்தக் காலத்துக்குத் திரும்ப எனக்கு விருப்பமில்லை. பேரம் பேசினாலும் குறைந்த விலைக்காரரிடம் மட்டும், அதுவும் விலையைக் குறைக்கத்தான் பேசலாம் என்று அந்தச் சட்டம் கட்டிப்போட்டது நல்லதுதான். குறைந்த விலையில் கெட்டுப்போவதைவிட, தப்பான எஸ்டிமேட்டில் கெட்டுப்போன வேலைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆழம் 2 மீட்டர் என்று போட்டிருப்பார்கள், தோண்டினால் 4. நிலத்தடி நீர் இல்லை என்று போட்டிருப்பார்கள், தோண்டினால் ஊற்று. கூடுதல் வேலைக்கு அனுமதி வாங்க ஃபைல் மேலே போகும். ஃபைல் திரும்பி வரும்வரை குழி அப்படியே.

ஜூன் 19

நான்கு நாளாக மனதில் உறுத்துவது ஒன்று. ரோடு, பணம் என்று பேசிக்கொண்டே போகிறோம். குழிக்குள் இறங்குபவரைப் பற்றி யாருமே எழுதவில்லை.

1.5 மீட்டருக்கு மேல் ஆழமான குழிக்குப் பக்கத் தடுப்பு கட்ட வேண்டும் என்பது இந்தியத் தர விதி. ஷோரிங் என்று எஸ்டிமேட்டில் தனி அயிட்டமும் இருக்கும். அது இல்லாமல் ஆட்கள் இறங்குவதை எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். மண் சரிந்தால் இடுப்பு வரை புதைந்தவரைக்கூட இழுத்துத் தூக்க முடியாது. கையால் மண்ணை அள்ளித்தான் எடுக்க வேண்டும். தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிப்பது அதைவிட மோசம். எல்லாப் பாரமும் சுவர்மேல் இறங்கும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. "இது புது லைன் சார், இன்னும் இணைப்பே கொடுக்கவில்லை, விஷவாயு இருக்காது" என்று சொல்லி மேன்ஹோலில் ஆளை இறக்குவார்கள். அந்தத் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் தாங்களே இணைத்திருப்பார்கள். சுத்திகரிப்பு நிலையம் இன்னும் ஓடவில்லை, கழிவு அதற்குள்ளேயே நின்று அழுகியிருக்கும். மூடியைத் திறந்து, காற்றோட்டம் விட்டு, வாயு அளக்கும் கருவியை இறக்கிப் பார்க்காமல் எந்த மேன்ஹோலையும் புதுசு என்று நம்பக் கூடாது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அந்தத் தொகையை எந்தத் திட்டத்தின் தற்செயல் செலவிலும் ஒதுக்கும்படி ஆகக் கூடாது.

ஜூன் 20

நேற்றைய குறிப்புக்குப் பிறகு இரண்டு பேர் தனியாக எழுதியிருந்தார்கள். தடுப்பு வேலியைப் பற்றியும் எழுதச் சொன்னார்கள். 2022 அக்டோபரில் சென்னையில் மழைநீர் வடிகால் பள்ளத்தில் விழுந்து இளம் பத்திரிகையாளர் ஒருவர் இறந்தது பலருக்கு நினைவிருக்கும். பள்ளத்தைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை ரிப்பன் கட்டுவது தடுப்பு ஆகாது. ராத்திரியில் ஒளிரும் பட்டையும் விளக்கும் உள்ள, தள்ளினால் சாயாத தகடு வேண்டும். ரிப்பனுக்குப் பில் போட்டால் எம்-புக்கில் ஏற்றாதீர்கள் என்று என்னோடு வேலை செய்யும் இளம் பொறியாளர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஜூன் 24

மழை. சென்னையில் வருட மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வருகிறது. அதனால் வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது ரோடு வெட்ட அனுமதியை நிறுத்திவிடுவார்கள். கான்ட்ராக்டருக்கு மெய்யாக வேலை செய்யக் கிடைப்பது ஜனவரி முதல் செப்டம்பர் வரை. ஒர்க் ஆர்டர் ஜூலையில் கொடுத்தால் முதல் வருடம் போச்சு. ஆனாலும் கெடுவை 18 மாதம் என்றால் நாட்காட்டியில் 18 மாதமாகவே எண்ணுகிறார்கள். எந்த மாதத்தில் ஒர்க் ஆர்டர் போகும் என்று பார்த்துக் கெடு போட்டால், பாதி காலநீட்டிப்பு மனுக்கள் வரவே வராது. அதற்கு நடுவில் தேர்தல் வந்தால் நடத்தை விதி. புது டெண்டரும் நிற்கும்.

தேர்தல் என்றதும் ஞாபகம் வருகிறது. 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை தமிழ்நாட்டு நகரங்களில் கவுன்சிலரே இல்லை, தனி அலுவலர்கள்தான். ஸ்மார்ட் சிட்டி வேலைகளில் பெரும்பங்கு அந்தக் காலத்தில்தான் நடந்தது. தொந்தரவு இல்லை என்று அப்போது சில பொறியாளர்கள் மகிழ்ந்தார்கள். எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. எந்தச் சந்தில் தண்ணீர் தேங்கும், எந்தப் பைப் எப்போது யார் போட்டது என்று தெரிந்த ஆள் கவுன்சிலர்தான். அவர் சொல்வதில் பாதி தன் ஓட்டுக்காக என்றாலும், மீதிப் பாதி வரைபடத்தில் இல்லாத தகவல்.

ஜூன் 24, சற்று பின்

ரோடு உயராமல் இருக்கப் பழையதைச் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டுமா என்ற கேள்விக்கு: ஆமாம், பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும், வீட்டு வாசலைவிட ரோடு உயரக் கூடாது என்று 2021-இல் தலைமைச் செயலாளர் இறையன்பு சுற்றறிக்கை அனுப்பினார். பெரிய ரோடுகளில் மில்லிங் இயந்திரம் வருகிறது. குறுகிய சந்துக்குள் அந்த இயந்திரம் நுழையாது. அங்கேதான் இன்னும் ஒரு அடுக்குமேல் இன்னொரு அடுக்கு ஏறுகிறது, மேன்ஹோல் மூடி புதைகிறது. அடைப்பு வந்தால் மூடி எங்கே என்று கடப்பாறையோடு தேடுகிறார்கள்.

ஜூலை 1

கேள்வி கேட்டவர் படம் அனுப்பியிருக்கிறார். அவர் தெருவில் இணைப்பு பைப் போட்டு, ஜேசிபி வைத்து மண்ணை ஒரே தள்ளாகத் தள்ளி, மேலே கலவை கொட்டியிருக்கிறார்கள். முதல் மழையில் அது உட்காரும்.

இன்னும் மூடாத வெட்டுகளுக்காவது இதைச் செய்யுங்கள். ஏஇ-யைக் கூப்பிட்டு, எஸ்டிமேட்டில் மீள் நிரப்பல் என்ற அயிட்டம் எப்படி எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு சாண் அடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து என்றுதான் இருக்கும். பைப்பின் இரண்டு பக்கமும் மேலே ஒரு சாண் வரையும் கல் இல்லாத மண்ணோ எம்-சாண்டோ போக வேண்டும். கல் பட்டால் பைப் நசுங்கும். நிரப்பும்போது அடுக்குக்கு அடுக்கு போனில் படம் எடுத்து வையுங்கள். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குள் உட்கார்ந்தால் கான்ட்ராக்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.

உங்கள் தெருவில் டெபாசிட் கட்டாத வீட்டுக்காரர்களிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள். கட்டினாலும் கட்டாவிட்டாலும் வாசல்வரை பைப்பைக் கொண்டுவந்து மூடி போட்டு வைக்கச் சொல்லி வார்டு அலுவலகத்தில் தெருவே சேர்ந்து ஒரு மனு கொடுக்கலாம். நான் வேலை செய்த ஒரு ஊரில் அப்படிக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். மனுவின் வாசகம் வேண்டுமானால் நாளை எழுதி அனுப்புகிறேன்.

ஜூலை 2

மனு அனுப்பிவிட்டேன். கதவு எண் வரிசைப்படி வீட்டுப் பட்டியலையும், எந்தப் பக்கம் கழிவறை இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். தொட்டியை எந்த மூலையில் வைப்பது என்று அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள்.